ஓர் இலை, இரு புழுக்கள்

(நம் அறக்கட்டளையின் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கொல்லாமை பற்றிய உரைகளை நாம் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். அவற்றில் பெரும்பாலும் ஆடும் மாடும் கோழியும் வரும். அவற்றைப் பற்றி நமக்கு ஐயம் ஏதும் இல்லை. நம் இல்லங்களில் அந்த வினா எழுவதே இல்லை. ஆகவே இன்று நமக்கு உண்மையிலேயே வினாவாக நிற்கும் ஓர் உயிரைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். அது ஒரு சிறிய அந்துப்பூச்சி. சிறகு விரித்தாலும் ஓர் அங்குலத்தை எட்டாது. நம் திருப்பூர் மாவட்டத்திலேயே வாழ்கிறது. ஆயினும் நம்மில் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

திருப்பூர் என்றால் உலகம் பனியனையே நினைக்கிறது. ஆனால் 2009ஆம் ஆண்டு இம்மாவட்டம் உருவானபோது உடுமலைப்பேட்டைப் பகுதியும் இதனுடன் இணைந்தது. திருமூர்த்தி மலையின் அடிவாரத்திலிருந்து விரியும் அந்தச் செழிப்பான நிலத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் உழவர்கள் பலர். தமிழ்நாட்டில் வெண்பட்டுக் கூடு மிகுதியாக விளையும் பகுதிகளுள் அது ஒன்று. அந்தத் தோட்டங்களுக்குக் கிழக்கே, பழனிக்குச் செல்லும் வழியில் நிற்கும் ஐவர்மலையை நம் குடும்பங்கள் அறியும். சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியன் காலத்தில், சாந்திவீரக் குரவர் அம்மலையில் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. கொல்லாமையைப் போதித்த முனிவர் தவம் செய்த மலையின் அருகிலேயே நான் சொல்லப்போகும் சிக்கல் இருக்கிறது.

மல்பெரி இலையை உண்ணும் புழு என்றால் பட்டுப்புழுவையே நினைப்போம். அதே இலையை உண்ணும் இன்னொரு புழுவும் உண்டு. உழவர்கள் அதை இலைச்சுருட்டுப் புழு என்பார்கள். அறிவியலார் அதற்கு இட்ட பெயர் டயஃபேனியா பல்வெருலென்டாலிஸ். முதற்சொல் ஒளி ஊடுருவுவது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அடுத்தது புழுதி படிந்தது என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழி வந்தது. வெண்மையும் பழுப்பும் கலந்த பட்டைகளைக் கொண்ட அதன் சிறகைப் பார்த்தால் அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

தாய்ப்பூச்சி மல்பெரியின் குருத்தில் முட்டையிடும். மூன்று நான்கு நாட்களில் பசிய நிறமுள்ள புழு வெளிவரும். அது தன் வாயிலிருந்து மெல்லிய பட்டு இழையை நூற்று, குருத்திலைகளை ஒன்றோடொன்று பிணைத்து, அந்தச் சிறு அறைக்குள் ஒளிந்துகொண்டு இலையை அரித்துத் தின்னும். ஏறத்தாழ இரண்டு வாரம் தின்று வளர்ந்த பின் தரையில் இறங்கி, சருகுக்கும் மண்ணுக்கும் இடையே கூட்டுப்புழுவாகி, மேலும் பத்து நாட்களுக்குள் சிறகு பெற்று எழும். முட்டை தொடங்கி முட்டை வரையில் அதன் வாழ்க்கை ஒரு மாதத்திற்குள் முடிந்துவிடுகிறது. தென்னிந்தியத் தோட்டங்களில் இது பெருந்தொல்லையாக உருவெடுத்தது 1990களின் நடுப்பகுதியில்தான். பருவமழை தொடங்கிப் பனிக்காலம் முடியும் வரை இதன் பெருக்கம் மிகுதி.

இப்போது இவ்விரு புழுக்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் அந்துப்பூச்சியின் மக்கள். இரண்டும் ஒரே இலையை உண்கின்றன. இரண்டும் வாயிலிருந்து பட்டு நூற்கின்றன. ஆனால் ஒன்றுக்கு வெப்பமும் ஈரமும் அளந்து மனை கட்டுகிறோம். இலையை நறுக்கி ஊட்டுகிறோம். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, கைகளைக் கழுவிக்கொண்டுதான் அந்த மனைக்குள் நுழைகிறோம். மற்றொன்றின் மீது நஞ்சு தெளிக்கிறோம். சீராட்டி வளர்த்த முதற்புழுவோ கூடு கட்டி முடித்த சில நாட்களில் வெந்நீராவியிலோ வெப்பக் காற்றிலோ மடிகிறது. பயன் தரும் உயிர், தீங்கு தரும் உயிர் என்று நாம் பெயர் வைக்கிறோம். அந்த உயிர்களிடம் அவ்வேறுபாடு இல்லை. அது நம் கணக்குப் புத்தகத்தில் மட்டுமே இருக்கிறது.

நம் முன்னோர் உயிர்களைப் பிரித்தபோது இந்தக் கணக்கைக் கையாளவில்லை. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்தார்; கொங்கு நாட்டவர். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே அவர் பிறந்த ஊர் என்று இந்நாட்டு மரபு கூறுகிறது. இலக்கணம் எழுத வந்த அவர், உரியியலில் உயிர்களை அறிவால் வகுக்கிறார். புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர். சிப்பியும் சங்கும் போன்றவை சுவையையும் அறியும் ஈரறிவுயிர். கறையானும் எறும்பும் மோப்பத்தையும் சேர்த்து மூவறிவுயிர். தும்பியும் வண்டும் கண்ணறிவையும் சேர்த்து நாலறிவுயிர். செவியறிவும் உடையவை ஐயறிவுயிர். அவ்வரிசையில் பறவைகளும் விலங்குகளும் மட்டுமல்லர், மக்களும் வானவரும் நரகரும் அடங்குவர். ஓர் உயிரைக் கண்டால், இது எனக்கு என்ன தரும் என்பதன்று அவர் கேட்ட கேள்வி; இது எவ்வளவு உணரும் என்பதே.

இந்த வரிசையில் அந்துப்பூச்சி தும்பியோடும் வண்டோடும் நாலறிவில் நிற்கும். இங்கே இன்றைய உயிரியல் ஒரு வியப்பான செய்தியைச் சேர்க்கிறது. மல்பெரி இலைச்சுருட்டுப் பூச்சி சேர்ந்த பெருங்குலத்தின் அந்துகளுக்குச் செவி உண்டு. அச்செவி தலையில் இல்லை. வயிற்றின் முற்பகுதியில் மெல்லிய சவ்வாக அமைந்திருக்கிறது. இரவில் வௌவால் எழுப்பும், நம் காதுக்கு எட்டாத நுண்ணொலியை அது கேட்கிறது. கேட்டவுடன் பறக்கும் வழியை மாற்றுகிறது. சில வேளை சிறகை மடக்கித் தரையில் விழுந்து உயிர் தப்புகிறது. நாம் போற்றி வளர்க்கும் பட்டுப்பூச்சிக்கு இத்தகைய செவி கிடையாது. பயனற்றது என்று நாம் தள்ளிய பூச்சி, பயனுள்ளது என்று நாம் கொண்டாடும் பூச்சியைவிட ஓர் உணர்வு கூடுதலாகப் பெற்றிருக்கிறது!

இதனால் நன்னூலின் வகுப்பு பொய்த்தது என்று கொள்ள வேண்டா. கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டு அறிவை அளந்தார்கள். கருவிகள் வந்தபின் அளவு நுணுகியது. நாம் கற்க வேண்டியது வேறொன்று. ஓர் உயிரின் உணர்வைக் குறைத்து மதிப்பிடுவதே மனிதனுக்கு எளிது. ஆராய ஆராய அது கூடிக்கொண்டே போகிறது. புழுவைப் பாருங்கள். அதன் தலையின் இருபுறமும் பக்கத்துக்கு ஆறாகச் சிறு கண்கள் இருக்கின்றன. ஒளியையும் நிழலையும் அது அறியும். நம் நிழல் அதன்மேல் விழுவதையும் அறியும்.

இனி, இந்தப் பூச்சியால் அல்லலுறும் உழவரின் பக்கம் திரும்புவோம். அவரைக் குற்றவாளியாக நிறுத்துவது எளிது. ஆனால் அது அறமாகாது. நம் குலத்தவரே வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவர்கள். ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று. ஆகவே நம் ஆகமங்கள் இல்லறத்தாரின் இம்சையை நான்காகப் பிரிக்கின்றன. கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. சமையல், துப்புரவு முதலிய வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்பி. உழவு, வாணிகம் முதலிய தொழில்களில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். துறவிக்குரிய பெருவிரதமும் இல்லறத்தார்க்குரிய அணுவிரதமும் வேறுபடும் இடம் இதுவே.

மல்பெரித் தோட்டத்தில் இந்தப் பாகுபாடு எப்படிச் செயல்படுகிறது? குருத்தைப் புழு தின்றுவிட்டால் இலை குறைகிறது. மனையில் பல்லாயிரம் பட்டுப்புழுக்கள் பசித்திருக்கின்றன. அவற்றுக்கு அன்றன்று இலை கொடுத்தாக வேண்டும். அந்த நெருக்கடியில் உழவரின் கை நஞ்சுக் குப்பியை நாடுகிறது. நெடுங்காலம் இதற்குப் பரிந்துரைக்கப்பட்டது டைக்குளோர்வாஸ் என்னும் மருந்து. அது 2020ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மருந்து எதுவாயினும் ஒன்றைக் கருத வேண்டும்: நஞ்சு எந்தப் புழுவையும் பெயர் கேட்டுக் கொல்வதில்லை. இலைச்சுருட்டுப் புழுவோடு சிலந்தியும் பொறிவண்டும் தேனீயும் மடியும். நாள் கணக்கு முடிவதற்குள் அந்த இலையைப் பறித்து ஊட்டினால் மனையிலுள்ள பட்டுப்புழுவும் மடியும். தெளிப்பவரின் நுரையீரலும் தப்பாது.

இதைவிடத் தீங்கு குறைந்த வழிகளைப் பட்டு வளர்ச்சித் துறையினரும் மைசூரிலுள்ள மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையத்தாரும் பல ஆண்டுகளாகக் கூறி வருகிறார்கள். நாள்தோறும் தோட்டத்தைச் சுற்றி வந்து, பிணைந்த குருத்து ஒன்றிரண்டாகத் தென்படும்போதே கிள்ளி அகற்றலாம். செடியைக் கவாத்து செய்தபின் ஆழ உழுது, மண்ணில் உறங்கும் கூட்டுப்புழுவைப் பறவைகளின் கண்ணுக்குக் காட்டலாம். டிரைக்கோகிராமா என்னும், ஒரு மில்லிமீட்டரும் இல்லாத குளவியைத் தோட்டத்தில் விடலாம். அது அந்தின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். டெட்ராஸ்டிக்கஸ் என்னும் மற்றொரு சிறு குளவி கூட்டுப்புழுவை நாடும்.

இவற்றிலும் உயிர் போகத்தானே செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். போகிறது. குளவியை விலைக்கு வாங்கி விடுவதால் கொலையின் பொறுப்பு குளவிக்கு மாறிவிடாது. அப்படிச் சொல்லி மனத்தை ஏமாற்றிக்கொள்ளவும் கூடாது. ஆனால் பத்துக் குருத்தில் பத்துப் புழு இருக்கும்போது விழிப்போடு செயல்படுபவருக்கும், பத்தாயிரம் ஆனபின் ஒரே தெளிப்பில் தோட்டத்தையே சுடுகாடாக்குபவருக்கும் வேறுபாடு உண்டு. நம் நூல்கள் யத்னாசாரம் என்று கூறும் விழிப்பொழுக்கம் இதுவே. இம்சையின் அளவை நிர்ணயிப்பது பெரும்பாலும் கொடுமையன்று, கவனக் குறைவே.

அடுத்து, நம் வீட்டு வாசலுக்கு வருவோம். உழவர் கூடு விளைவிப்பது வாங்குவோர் இருப்பதால்தான். ஒரு கிலோ பட்டு நூல் எடுக்க ஏறத்தாழ ஆறு, ஏழு கிலோ கூடு வேண்டும். ஒரு கிலோவுக்கு ஐந்நூறுக்கு மேல் கூடுகள் நிற்கும். ஆகவே ஒரு கிலோ நூலுக்குப் பின்னால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் இருக்கின்றன. அவை தவறி மடிந்தவை அல்ல. பூச்சி சிறகு முளைத்துக் கூட்டைத் துளைத்து வெளியேறினால் ஆயிரம் மீட்டர் அளவுள்ள ஒரே இழை அறுந்துவிடும். அது அறாதிருக்கவே அவ்வுயிர் முன்கூட்டியே கொல்லப்படுகிறது. இந்த நால்வகை இம்சையுள் இது எதில் அடங்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் குடும்பங்களில் இது பழைய வழக்கு. ஆரணியும் காஞ்சியும் நம் ஊர்களுக்கு அண்டையிலேயே இருப்பவை. பட்டுத் தறியின் ஓசையைக் கேட்டே வளர்ந்தும், பூசைக்குப் பருத்தி வேட்டி மட்டுமே உடுத்திய பெரியவர்கள் உண்டு. திருமணம் என்றால் கூறைப்பட்டு இல்லாமல் முடியுமா என்று கேட்கும் உறவினரும் உண்டு. இரு தரப்பாரும் நம்மவர்களே. மணப்பெண்ணின் மகிழ்ச்சியை அறத்தின் பெயரால் வாட்டுவதும் ஒருவகை இம்சையே. ஆகவே இது கட்டளையிட்டுத் தீர்க்கும் செய்தியன்று. அறிந்தபின் ஒவ்வொரு வீடும் தானே எண்ணித் தேர்வது.

எண்ணுவோருக்கு உதவியாக ஒன்றைச் சொல்கிறேன். ஆந்திர மாநிலக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசும ராஜையா என்பவர், பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து நூல் நூற்று, அகிம்சைப் பட்டு என்று நெய்து காட்டினார். அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அவர்களின் துணைவியார் ஜானகி அம்மையார், உயிர்க்கொலை இல்லாமல் பட்டுச் சேலை கிடைக்குமா என்று வினவியதே அம்முயற்சிக்குத் தூண்டுதல். ஒரு பெண்மணியின் ஒரு கேள்வி ஒரு புதிய நெசவையே தோற்றுவித்தது. அந்த நூலில் பளபளப்புக் குறைவு, விலை கூடுதல்.

ஆயினும் அதுவும் முழுத்தூய்மை உடையது என்று கூற இயலாது. பல நூற்றாண்டுகள் மனிதன் வளர்த்ததால் பட்டுப்பூச்சி பறக்கும் ஆற்றலை இழந்துவிட்டது. அதற்கு உண்ணும் வாயும் இல்லை; சில நாட்களே வாழும். ஒரு தாய்ப்பூச்சி நானூறு, ஐந்நூறு முட்டையிடும். அத்தனையும் பொரித்தால் அவற்றுக்கு இலை ஏது? வெளியேறிய பூச்சியின் சந்ததி பட்டினியால் மடிந்தால், கொலை ஒரு தலைமுறை தள்ளிப்போயிற்று என்றுதான் பொருள். ஆமணக்கு இலையும் மரவள்ளி இலையும் உண்ணும் எரிப்பட்டுப் புழுவின் கூடு இயல்பாகவே ஒருபுறம் திறந்திருப்பது. அதனால் பூச்சி வெளியேறிய பின்னும் நூல் நூற்கலாம். அங்கும் வளர்ப்பவர் கூட்டுப்புழுவை என்ன செய்கிறார் என்று கேட்டறிந்தே வாங்க வேண்டும். பெயர்ப்பலகையில் அகிம்சை என்று எழுதியிருப்பது போதாது.

பட்டை விட்டோம், பருத்தியே உடுத்துகிறோம், ஆதலால் தூயவர் என்று நாம் நிமிர்ந்து அமரலாமா? நம்மில் பலரின் பிழைப்பு பின்னலாடையில் இருக்கிறது. பருத்திக் காயைத் துளைக்கும் காய்ப்புழுக்களும் அந்துப்பூச்சியின் மக்களே. அவற்றைக் கொல்ல ஒரு காலத்தில் பருத்திக் காட்டில் மழைபோல் மருந்து பொழிந்தார்கள். 2002ஆம் ஆண்டு புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே சுரக்கும் பி.டி. பருத்திக்கு அரசு ஒப்புதல் அளித்தது. சில ஆண்டுகளிலேயே இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதையும் எதிர்த்து நிற்கப் பழகிற்று. மருந்துக் குப்பி மீண்டும் வயலுக்கு வந்தது. இனிச் சாயம். நொய்யலில் கலந்த கழிவுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதை இந்த அவையில் உள்ள பலர் தம் தொழிலில் பட்டு அறிவார்கள். மீனும் தவளையும் நத்தையும் அந்த ஆற்றில் வாழ்ந்த உயிர்கள்தாமே. ஒரு சட்டைக்குள் எத்தனை உயிர்களின் வரலாறு நெய்யப்பட்டிருக்கிறது என்று எண்ணினால் தலை தாழ்கிறது.

தலை தாழ்வதோடு நின்றுவிடலாகாது. இயற்கை முறையில் விளைந்த பருத்தியைக் கேட்டு வாங்கும் வெளிநாட்டு வணிகர்கள் இன்று திருப்பூருக்கு வருகிறார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னரே கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம். நூல் வாங்கும் இடத்தில் இருப்பவர் நம்மவராயின், இந்தப் பருத்தி எப்படி விளைந்தது என்னும் ஒரு கேள்வியை வாணிகத்திலேயே வைக்கலாம். ஜானகி அம்மையார் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பொழுது சாய்ந்தபின் உண்ணாமை நம் குடும்பங்களின் அடையாளம். விளக்கொளியை நாடி வரும் அந்தும் விட்டிலும் உணவில் விழுந்து மடியலாகாது என்பதும் அதற்கு ஒரு காரணமாகப் பெரியோர் கூறுவர். இன்று அந்த நெறியைக் காக்கும் வீடுகளிலும் மாடியில், வாசலில், தோட்டத்தில் விடிய விடிய வெண்ணிற மின்விளக்கு எரிகிறது. மல்பெரித் தோட்டத்தில் உழவர் பூச்சியைக் கொல்ல வைப்பதும் விளக்குப் பொறியைத்தான். அவர் பயிரைக் காக்க அதை வைக்கிறார்; நாம் எந்தத் தேவையும் இன்றி வைக்கிறோம். காரணமில்லாமல் நேரும் இம்சையை விலக்குவதற்கென்றே அனர்த்த தண்ட விரதம் நமக்கு வகுக்கப்பட்டது. வேண்டாத விளக்கை அணைப்பதும் ஒரு விரதமே. அதற்கு உண்ணாநோன்பு வேண்டா. ஒரு விசையைத் தட்டினால் போதும்.

இறுதியாக, அநேகாந்தத்தின் வழி இச்சிறு பூச்சியை ஒருமுறை நோக்குவோம். உழவருக்கு அது இழப்பு. பட்டுப்புழுவுக்கு அது பங்காளி. மைனாவுக்கும் சிலந்திக்கும் அது உணவு. வௌவாலுக்கு அது தப்பி ஓடும் இரை. அறிவியலாருக்கு அது வயிற்றில் செவியுடைய வியப்பு. இவை யாவும் உண்மை. எதுவும் முழு உண்மை அன்று. அந்தப் பூச்சிக்கு அது என்ன என்றும் ஒரு பக்கம் உண்டு. வௌவாலின் ஒலி கேட்டுச் சிறகை மடக்கி விழும் அந்த ஒரு நொடியில் அதற்கு வேண்டுவது நாம் அனைவரும் வேண்டுவதே: வாழ வேண்டும்.

கொல்லாமல் வாழ்வது வீடுபேறு அடைந்த சித்தர்க்கே கூடும். குறைத்துக் கொண்டே வருவது இல்லறத்தார்க்குக் கூடும். இந்த விழா முடிந்து இல்லம் திரும்பும்போது மூன்று செயல்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். அடுத்த திருமணத்திற்குத் துணி எடுக்கச் செல்லுமுன் வீட்டில் அமர்ந்து ஒருமுறை பேசுங்கள். நூலோ துணியோ வாங்கும் இடத்தில் அது வந்த வழியைக் கேளுங்கள். இன்றிரவு உறங்கப் போகுமுன் வாசல் விளக்கை அணையுங்கள்.

எல்லா உயிர்களும் நலம் பெறுக. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகள் நம் இல்லங்களில் நிலைபெறுக.